லைனுக்கெல்லாம் ஒரு பாட்டி

அபர்தீன் பஜாரில் வெங்காயத்தின் விலை ஏறிக்கொண்டே போகும். ஒருநாள் கடைக்காரர் சாக்கைத் திறந்து காட்டாமல், "ரெண்டு நாள் கழிச்சு வாங்கம்மா, நல்ல சரக்கு வருது" என்பார். மெட்ராஸில் கப்பல் கிளம்பிவிட்டது என்று அப்போதே எங்களுக்குத் தெரிந்துவிடும். அரசாங்கத்தின் டெய்லி டெலிகிராம்ஸில் கப்பல் வரும் நேரம் அச்சாகி வருவதெல்லாம் அப்புறம்தான். நீங்களும் எண்பதுகளில் போர்ட் பிளேரில் இருந்தவர் என்றால் இந்த இடத்தில் சிரித்திருப்பீர்கள்.

மெட்ராஸிலிருந்து 1,190 கிலோமீட்டர். மூன்று நாள், கடல் முறைத்துக்கொண்டால் நாலு. விமானம் இருந்தது, ஆனால் அது பெரிய அதிகாரிகளுக்கும் சாவுக்கும். நம்மைப் பார்க்க வருகிற ஜனம் அக்பரிலோ ஹர்ஷவர்தனாவிலோதான் வரும். பிற்பாடு நான்கௌரி வந்தது. ராஜாஜி சாலையில் டிக்கெட்டுக்கு வரிசையில் நின்று, பங்க் கிளாஸில் இரும்புக் கட்டில் வாங்கி, முதல் நாள் டால்பினையும் பறக்கும் மீனையும் பார்த்துச் சந்தோஷப்பட்டு, இரண்டாம் நாள் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு குப்புறப் படுத்துக் கிடந்து வருவார்கள். இவ்வளவு பாடுபட்டு வருகிறவர்கள் நாலு நாளில் திரும்பிப் போக முடியுமா? திரும்பிப் போக அடுத்த கப்பல் வேண்டும், அதில் இடம் வேண்டும். அதனால் விருந்தாளி என்றால் குறைந்தது ஒரு மாதம். இரண்டு மாதம் இருந்தவர்களும் உண்டு. யாரும் முகம் சுளித்ததில்லை.

ஹேடோ ஜெட்டிக்கு விடிவதற்கு முன்பே போய்விடுவோம். ஈர மரக்கட்டை, டீசல், கொப்பரை, எங்கிருந்தோ கருவாடு என்று எல்லாம் கலந்த வாசம். அதை வேறெந்தத் துறைமுகத்திலும் நான் முகர்ந்ததில்லை. கப்பல் தெரியும். ஆனால் கரைக்கு வராது. பெர்த் காலியாக வேண்டும், இழுவைப் படகு வர வேண்டும், கயிறு கட்ட வேண்டும். எங்கள் லைனில் யார் வீட்டுக்கு ஆள் வந்தாலும் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் ஜெட்டிக்குப் போவது வழக்கம். யாருடைய மாமா, யாருடைய தாத்தா என்ற கணக்கெல்லாம் கிடையாது. மேல்தளத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஜனத்தைப் பார்த்து எல்லோரும் சேர்ந்து கையாட்டுவோம். அங்கிருந்தும் யாராவது திருப்பி ஆட்டுவார்கள். நம்மவர்தானா என்பது படிக்கட்டு இறங்கிய பிறகுதான் தெரியும்.

எங்கள் லைன் என்று சொல்கிறேனே, அது தரையிலிருந்து உயர்த்திய மரக்கால்களின் மேல் நிற்கிற குவார்ட்டர்ஸ் வரிசை. பலகைச் சுவர், தகரக் கூரை. மழை பிடித்தால் அடுத்திருப்பவர் பேசுவது காதில் விழாது. மே மாதம் பிடித்த மழை டிசம்பரிலும் ஒரு தடவை எட்டிப் பார்க்கும். பலகைச் சுவர் என்பதால் மற்ற நேரமெல்லாம் பக்கத்து வீட்டுத் தாளிப்பு வரைக்கும் காதில் விழும். ஒரு பக்கம் வங்காளி மாமி. மறுபக்கம் 'லோக்கல்' குடும்பம். ஜப்பான்காரன் 1942-இல் தீவைப் பிடிப்பதற்கு முன்பிருந்தே இங்கே இருக்கும் கைதிகளின் வம்சம், வீட்டில் ஹிந்துஸ்தானிதான் பேச்சு. கோடி வீட்டில் ராஞ்சி அண்ணன், காட்டு மரம் வெட்ட அழைத்துவரப்பட்டவர்களின் பிள்ளை. நடுவில் தெலுங்கர், மலையாளி, நாங்கள். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. அண்ணன் தம்பி அக்கா தங்கை என்று சொல்லிக்கொள்ள எங்கள் யாருக்குமே கூப்பிடு தூரத்தில் ஆள் கிடையாது. எல்லோருடைய சொந்தமும் கடலுக்கு அந்தப் பக்கம்.

அதனால்தானோ என்னவோ, வருகிற சொந்தத்தைப் பொதுவில் வைத்துக்கொண்டோம்.

அம்பாசமுத்திரத்திலிருந்து என் அப்பாவைப் பெற்ற பாட்டி வந்தபோது அது நன்றாகத் தெரிந்தது. டிரங்குப் பெட்டியை நடுக்கூடத்தில் வைத்துத் திறந்தார்கள். சுற்றிலும் லைன் முழுக்க நின்றது. மேலே பழைய வேட்டியில் சுற்றிய முருங்கைக்காய். மூன்று நாள் கப்பல் காற்றில் தோல் சுருங்கி, நுனி கறுத்திருந்தது. அதன் கீழே சின்ன வெங்காயம், நார்ப்பெட்டியில் கருப்பட்டி, சுண்டவற்றல், கூழ்வற்றல், உப்பில் உறைந்த நார்த்தங்காய், இரண்டு வருஷத்துக்குக் காணும் புளி. நடுவே ஒரு கட்டு பழைய ஆனந்த விகடனும் கல்கண்டும். அடியில் வாழைநாரில் கட்டிய பிச்சிப்பூ. அது பழுப்பு நிறமாகி அழுகிப் போயிருந்தது. "வாடாதுன்னு ஈரத்துணியிலதாம்ட்டி சுத்தினேன்" என்று பாட்டி அம்மாவிடம் சொன்னாள். அம்மா அதை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, அப்படியே தலையில் வைத்துக்கொண்டாள். யாரும் சிரிக்கவில்லை.

அப்புறம் பங்கு பிரித்தார்கள். முருங்கைக்காய் வீட்டுக்கு இரண்டு. வங்காளி மாமி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், சத்தியமாக. கடுகரைத்து அவள் சமைத்த முருங்கைக்காயை அன்று சாயங்காலம் கிண்ணத்தில் கொண்டுவந்து பாட்டிக்குக் கொடுத்தாள். பாட்டி ஒரு வாய் தின்றுவிட்டு, "கடுகு தூக்கலாத்தான் இருக்கு. இருந்தாலும் கைப்பக்குவம் இருக்கு" என்றாள். அதை மொழிபெயர்க்கச் சொல்லி மாமி என்னைப் பிடித்துக்கொண்டாள். கடுகை விட்டுவிட்டு மிச்சத்தைச் சொன்னேன்.

பாட்டிக்கு ஒத்துவராதது அங்கே சூரியன்தான். கடிகாரம் ஊர்க் கடிகாரம், சூரியன் மட்டும் பர்மாப் பக்கத்துச் சூரியன். டிசம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். "என்னட்டி இது, காப்பி குடிக்கிற நேரத்துல விளக்கேத்தச் சொல்லுதிய" என்று தினமும் ஒரு தடவை அம்மாவிடம் கேட்பாள். ஏழு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு எட்டு மணிக்குப் படுத்தால், காலை ஐந்துக்கு முன்பே வெளிச்சம் முகத்தில் அடிக்கிற மாதங்களும் உண்டு. பாட்டிக்கு அது மட்டும் பிடித்திருந்தது. எழுந்து வாசலைத் தெளித்துவிடலாம் அல்லவா. மற்றபடி கன்கஜூராவுக்குப் பயந்து கட்டிலை விட்டுக் கால் இறக்கமாட்டாள். நம்மூர்ப் பூரான்தான், ஆனால் அது ஒரு சாண் நீளம். கடித்தால் பெரிய ஆம்பிளைகளே இரவெல்லாம் அழுவார்கள். செருப்பை உதறாமல் காலை விடாதே, படுக்கையை உதறாமல் படுக்காதே என்று வந்திறங்கிய அன்றே லோக்கல் ஆன்ட்டி அபிநயம் பிடித்துச் சொல்லிக் கொடுத்தாள். பாட்டி அதற்குப் பிறகு அவளை 'பூரான்காரி' என்றுதான் சொல்வாள். அவள் பின்கட்டில் வளர்த்த பர்மி தனியாவையும் பாட்டிதான் எங்கள் ரசத்தில் சேர்த்துவைத்தாள். நீளமான இலை, ஓரமெல்லாம் சின்னச் சின்ன முள். கிள்ளினால் கொத்தமல்லி வாசம் இரண்டு மடங்கு. கப்பல் கொத்தமல்லி வந்து சேர்வதற்குள் மஞ்சளாகிவிடும் ஊரில் அந்த இலைதான் ரசத்துக்கு உயிர்.

விருந்தாளியை ஊர் சுற்றிக் காட்டுவதும் முறை வைத்துத்தான். அப்பாவுக்கு லீவு இல்லாத நாளில் தெலுங்கு மாமா கூட்டிப்போவார். செல்லுலார் ஜெயிலில் ஒலி ஒளிக் காட்சி, சாத்தம் மர மில், ஹேடோ மிருகக்காட்சிசாலையில் வாயைப் பிளந்துகொண்டு அசையாமல் கிடக்கும் உப்புத்தண்ணீர் முதலை, ராஸ் தீவில் ஆலவேர் விழுங்கிய சர்ச், கார்பின்ஸ் கோவ். யார் வந்தாலும் இதே சுற்று. ஜெயிலில் ஏழு சிறகில் மூன்றுதான் மிச்சம், இடித்த இடத்தில் நிற்கிறது ஜி.பி. பந்த் ஆஸ்பத்திரி. என் தம்பி அங்கேதான் பிறந்தான். "உம்ம பேரன் ஜெயில்ல பிறந்தவன்" என்று தெலுங்கு மாமா பாட்டியிடம் அரைகுறைத் தமிழில் சொல்ல, பாட்டி "கிருஷ்ண பரமாத்மாவும் அப்படித்தான்" என்று முடித்துவிட்டாள்.

பஸ் ஸ்டாண்டில்தான் விருந்தாளிகள் எல்லோரும் திகைப்பார்கள். கண்டக்டர், "காலிகட், காலிகட்! மஞ்சேரி, மன்னார்காட்!" என்று கூவுவார். 1921 மலபார் கலகத்துக்குப் பிறகு நாடு கடத்தி அனுப்பப்பட்ட மாப்பிளாக்கள் குடியேறிய கிராமங்கள் அவை. விட்டுவந்த ஊரின் பெயரை வைத்துக்கொண்டார்கள். வண்டூரும் அப்படித்தான். கண்ணாடி அடி வைத்த படகில் பவளப்பாறை பார்க்க அங்கேதான் போவோம். கோழிக்கோட்டில் மகளைக் கட்டிக்கொடுத்திருந்த ஒரு பெரியவர், மலையாளி வீட்டு விருந்தாளி, அந்தக் கூவலைக் கேட்டு நின்றுவிட்டார். ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வயலும் தென்னையும் ஒரு மசூதியும் இருப்பதாகச் சொல்லி, வேறொன்றும் சொல்லவில்லை.

துர்கா பூஜை முடிந்து வருகிற பௌர்ணமிக்கு வங்காளிகள் வீட்டில் லட்சுமி பூஜை. அதுல் ஸ்மிருதி சமிதிப் பந்தலில் நாலு நாள் மேளமும் புகையுமாக இருந்துவிட்டு, இது மட்டும் வீட்டுக்குள் நடக்கும். மாமி பச்சரிசியை ஊறவைத்து, அம்மியில் நைஸாக அரைத்து, கிண்ணத்தில் கரைத்து வைத்திருந்தாள். சின்னத் துணியை அதில் முக்கி, உள்ளங்கையில் பிடித்து, மோதிர விரல் வழியாக மாவை ஒழுகவிட்டு நடைபாதையில் அல்பனா போட்டாள். வாசற்படியிலிருந்து பூஜை இடம் வரை லட்சுமியின் பாதம். குட்டிக் குட்டிப் பாதம், ஐந்து விரலும் ஐந்து புள்ளி. பாட்டி வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சேலையைச் சொருகிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தாள். மாமி ஒன்றும் கேட்காமல் துணியில் பாதியைக் கிழித்துக் கொடுத்தாள். பாட்டிக்கு மாக்கோலம் அத்துப்படி. மார்கழிக்கும் கல்யாணத்துக்கும் போட்டுப்போட்டுப் பழகிய கை. மாமியின் கொடி வளைந்து வளைந்து போகிற இடத்தில் பாட்டியின் இழைக்கோலம் நேராக வந்து முட்டியது. ஒரு மூலையில் இரண்டும் எப்படிச் சேர்வது என்று தெரியவில்லை. மாமி ஒரு தாமரை போட்டாள். பாட்டி அதைச் சுற்றி நாலு இழை இழுத்தாள். ஒருத்திக்குத் தமிழ் தெரியாது, ஒருத்திக்கு வங்காளம் தெரியாது, இரண்டு பேருக்குமே ஹிந்தி சுமார். ஒரு மணி நேரம் பேசிக்கொண்டேதான் போட்டார்கள். என்ன பேசினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பக்கத்தில் தட்டில் நாரு, தேங்காயும் வெல்லமும் சேர்த்துப் பிடித்த உருண்டை. நாங்கள் அதில்தான் கண்ணாக இருந்தோம்.

பண்டிகைக்குப் பஞ்சமே கிடையாது. ஓணத்துக்கு மலையாளி வீட்டில் இலை போடுவார்கள். பெருநாளைக்கு மாப்பிளா வீட்டு பிரியாணி, சைவக்காரர்களுக்குத் தனியாக நெய்ச்சோறு. கிறிஸ்துமஸுக்கு ராஞ்சி அண்ணன் வீட்டில் மேளதாளம், விடிய விடிய. பங்குனி உத்திரத்தன்று வெற்றிமலை முருகனுக்குக் காவடி புறப்பட்டால் போர்ட் பிளேர் முழுக்க ரோட்டோரம் நிற்கும். ராஞ்சி அண்ணன் ஒரு வருஷம் மஞ்சள் வேட்டி கட்டிப் பால்குடம் எடுத்தார். மனைவிக்குப் பிரசவம் கஷ்டமாயிருந்ததாம், வேண்டிக்கொண்டாராம். எல்லாப் பண்டிகைக்கும் தட்டு மாறும். தட்டைக் காலியாகத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்பது லைனின் எழுதாத சட்டம். ஒன்றுமில்லாவிட்டால் இரண்டு எலுமிச்சம்பழமாவது வைத்து அனுப்ப வேண்டும்.

நாங்கள் ஊருக்குப் போகிற முறை வந்தால் அது தனிக் கல்யாணம். எல்.டி.சி. பயணச் சலுகைக்கு எழுதி, கப்பல் டிக்கெட் உறுதியாகி, மூட்டை கட்டுவதற்குள் லைன் முழுக்கச் சீட்டு எழுதிக் கொடுத்துவிடும். தெலுங்கு மாமிக்கு ரவிக்கைத் துணி, ஆன்ட்டிக்கு வெண்கல விளக்கு, ராஞ்சி அண்ணனுக்கு ஒரு டார்ச். எங்கள் கோழிகளை வங்காளி மாமி பார்த்துக்கொள்வாள். முட்டை அவளுக்கு. ஏப்ரலில் தானிகாரி அணை வற்றி, குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வருகிற காலத்தில், எங்கள் டிரம்மையும் அவளேதான் பிடித்து நிரப்பி வைத்திருப்பாள். நாங்கள் வந்திறங்கிய அன்று குளிக்கத் தண்ணீர் இருக்கும், அடுப்பில் சோறு இருக்கும். ஊரில் எங்களை 'அந்தமான்காரங்க' என்று சொல்லிச் சிரிப்பார்கள். நாங்களும் ஊரில் இருக்கிற ஒரு மாதமும் லைனைப் பற்றியேதான் பேசிக்கொண்டிருப்போம்.

அந்த வாழ்க்கையில் இனிப்பு மட்டும்தான் என்று சொன்னால் நீங்களே ஒப்புக்கொள்ளமாட்டீர்கள். தந்திக்காரர் சைக்கிள் லைனுக்குள் திரும்பினால் பெண்களெல்லாம் வாசலுக்கு வந்து, எந்த வீட்டில் நிற்கிறது என்று பார்ப்பார்கள். ஒரு ஐப்பசி மழையில் அது எங்கள் வீட்டில் நின்றது. அம்மாவின் அப்பா தவறிவிட்டார். தந்தி வரும்போதே எல்லாம் முடிந்திருந்தது. கப்பல் முந்தின நாள்தான் போயிருந்தது. அடுத்ததில் ஏறினால் பதினாறாம் நாள் காரியத்துக்குக்கூடப் போய்ச் சேர முடியாது. விமானத்துக்கு அப்பாவின் சம்பளம் காணாது. அம்மா அழவில்லை. தந்தியை மடித்து அரிசி டப்பாவின் கீழே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். லோக்கல் ஆன்ட்டிதான் வந்து அடுப்பை அணைத்து, அவள் கையைப் பிடித்துக் கூடத்துக்குக் கூட்டிவந்து உட்காரவைத்தாள். ஒவ்வொருத்தியாக வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். வங்காளி மாமி தன் வழக்கப்படி சத்தம் போட்டு அழ ஆரம்பித்த பிறகுதான் அம்மாவுக்கு அழுகை வந்தது. பார்த்தேயிராத ஒரு கிழவருக்காக லைன் முழுக்க அழுதது. மூன்று நாள் எங்கள் வீட்டில் உலை வைக்கவிடவில்லை. சுத்தச் சைவமாகச் செய்து அனுப்பினார்கள், மீன் இல்லாமல் சோறு இறங்காத வங்காளி வீடு உட்பட.

பாட்டி திரும்பிப் போனபோது அவள் பெட்டி வந்ததைவிடக் கனமாக இருந்தது. ஆளுக்கொன்று கொடுத்தார்கள். பாலிஷ் போட்ட டிரோகஸ் சிப்பி, படாக் மரத்தில் கடைந்த கைத்தடி, கொட்டைப்பாக்கு, ஆன்ட்டி கொடுத்த பர்மி தனியா விதை. அந்த விதை அம்பாசமுத்திரத்தில் முளைக்கவில்லை. கைத்தடியைப் பாட்டி கடைசிவரை வைத்திருந்தாள். ஜெட்டியில் எல்லோரும் அழுதார்கள். பாட்டி மட்டும், "ஏன்ட்டி அழுதிய, நான் என்ன தண்ணிக்குள்ளயா போறேன், தண்ணி மேலதான போறேன்" என்றாள். மறுபடியும் அவளால் வர முடியவில்லை. ஒவ்வொரு கப்பலுக்கும் வங்காளி மாமி மட்டும் "தீதிமா ஆஷ்பேன்?", பாட்டி வருவாங்களா, என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அப்பா ரிடையர் ஆனதும் நாங்களும் மூட்டை கட்டிவிட்டோம். வங்காளி மாமி மகனோடு கல்கத்தாவுக்குப் போய்விட்டாள் என்று ஒரு கடிதம் வந்தது. தெலுங்குக் குடும்பம் விசாகப்பட்டினத்தில். ராஞ்சி அண்ணன் காலமாகிவிட்டார். 2004 டிசம்பர் 26 காலை நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமானே ஏறக்குறைய ஒரு மீட்டர் இறங்கிவிட்டது. வண்டூர் போகும்போது பஸ் ஜன்னலில் பச்சையாக ஓடுமே சிப்பிகாட் வயல், அது உப்புத்தண்ணீருக்குப் போனது. ஹாரியட் மலையிலிருந்து பார்த்தால் தெரிகிற தென்னையும் கலங்கரை விளக்கும் 20 ரூபாய் நோட்டில் இருந்தன. கையில் வந்தால் பேரப்பிள்ளைகளிடம் காட்டுவேன். இப்போது அந்த நோட்டில் எல்லோரா. ராஸ் தீவு 2018-இல் நேதாஜி பெயருக்கு மாறியது, ஹேவ்லாக் சுவராஜ் தீவானது. 2024-இல் போர்ட் பிளேரே ஸ்ரீ விஜயபுரமாகிவிட்டது. பெயரை யாரும் வைத்துக்கொள்ளட்டும், எனக்கு வருத்தம் அதில் இல்லை. சென்னையிலிருந்து இரண்டு மணி நேரம் சொச்சத்தில் விமானம் இறங்குகிறது. மூன்று ராத்திரி, நாலு பகல். அங்கே யார் வீட்டிலும் யாரும் தங்குவதில்லை. சொந்தக்காரர்கள் வந்தால்கூட ஓட்டலில் இறங்கிக்கொண்டு, ஒருவேளைச் சாப்பாட்டுக்கு வந்து போகிறார்களாம். கரையில் கிடக்கிற சிப்பியைப் பையில் போட்டால் ஏர்போர்ட்டில் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். அது நியாயம்தான், நாங்கள் எடுத்ததெல்லாம் கொஞ்சமா?

போன வருஷம் தம்பி மகள் கல்யாணமானதும் அங்கே போய்விட்டு வந்தாள். செல்போனில் நூற்றுக்கணக்கில் படம். ஹேவ்லாக், நீல், கடலுக்கடியில் மூச்சுக்குழாயோடு இரண்டு பேரும். "ஹேடோ பக்கம் போனியா? உங்கப்பா வளர்ந்த லைன் இருந்ததே" என்று கேட்டேன்.

"டிரைவர்கிட்ட கேட்டேன் அத்தை. மர வீடா, அப்படி எதுவும் தெரியாதுன்னுட்டார்."

"என்ன ஊர்க்காரர் அவர்?"

"நம்ம பக்கம்தான். கல்லிடைக்குறிச்சி. அவரு அங்க போயி ஆறு மாசம்தான் ஆகுதாம்."

வீட்டு ஆட்கள் யாராவது அவரைப் பார்க்க வந்தார்களா என்று கேட்டேன். அதையெல்லாம் யார் விசாரித்தார்கள் என்று சொல்லிவிட்டு, அடுத்த படத்தைத் தள்ளினாள்.